இரவல் நிலத்தில் இணையக்கடை

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியரிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது இலக்கிய ஆராய்ச்சியொன்றாகவே இருத்தல் வேண்டும். அத்தகையதொன்றை எழுதத் தொடங்கியும் இருந்தோம். அவ்வேளையில், எம்மிடம் தமிழ் பயின்று சில ஆண்டுகளின் முன் கல்லூரியை விட்டு நீங்கிய மாணாக்கர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் எம் இல்லம் தேடி வந்து ஒரு வினாவை எழுப்பினார். அவ்வினா எம்மை விட்டகலாமையால், எழுதிய தாள்களை ஒருபுறம் வைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதலானோம். பழைய மாணவர் பலர் இன்று சிறு வணிகத்தில் ஈடுபட்டிருப்பதும், பயிலும் மாணவருட் சிலர் நாளை ஈடுபடவிருப்பதும் எமது இத்துணிவுக்குக் காரணமாம்.

அம்மாணாக்கரின் அன்னையார் பனங்கட்டி, ஒடியல்மா, பினாட்டு, வறுத்து இடித்த கறித்தூள் என்பவற்றைச் செய்து அயலவர்க்கு விற்று வருபவர். கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் உறவினர் வாயிலாக இப்பொருள்களைக் கேட்போர் தொகை பெருகவே, இணையத்தளம் ஒன்றை அமைத்து விற்றால் என்ன என்னும் எண்ணம் மகனுக்கு உண்டாயிற்று. தளத்துக்கு வேண்டிய இடத்தை இலவசமாகக் கொடுக்கும் நிறுவனங்கள் பல உள என அறிந்து, அவற்றுள் ஒன்றிலே கணக்கொன்றும் திறந்துவிட்டார். "சேர், சும்மா தாறாங்கள்; பேந்தேன் காசு குடுப்பான்?" என்பதே அவர் வினா. அதனோடு இன்னொரு செய்தியையும் கூறினார். அவ்விலவசத் தளத்தின் முகவரியைப் பொறித்து ஆயிரம் லேபிள்கள் அச்சிடுவதற்காக அவர் மறுநாட் காலை அச்சகத்துக்குச் செல்லவிருந்தார். எம்மைத் திடுக்கிடச் செய்தது இச்செய்தியே.

யாம் கணினித்துறை வல்லுநர் அல்லேம். பயிற்றப்பட்ட தமிழாசிரியர் மாத்திரமே. ஆயினும் இவ்விடயத்தில் ஒருமுறை கை சுட்டுக்கொண்டவர். பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. எம் வகுப்பு மாணவர் எழுதிய நல்ல கட்டுரைகள் அறுபதுக்கு மேற்பட்டவற்றைத் தட்டச்சிட்டு, இலவச இடமொன்றிலே தளமாக அமைத்து வைத்திருந்தோம். குறித்த காலத்துள் எவரும் வந்து பாராத தளங்கள் நீக்கப்படும் என்பது அந்நிறுவனத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. அதனை யாம் படித்தோமல்லேம். விடுமுறையும் பரீட்சை வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தளத்தை எவரும் நாடவில்லை. எச்சரிக்கை மடல் யாம் கைவிட்டிருந்த பழைய மின்னஞ்சல் முகவரிக்குச் சென்றது. மீண்டும் பார்த்தபொழுது தளம் இல்லை. மாணவர் சிலருடைய பழைய கொப்பிகளிலிருந்து ஏறக்குறையப் பாதியை மீட்டோம். மற்றைய பாதி போயிற்று. அவற்றுள் ஒன்றை எழுதிய மாணவி பல்கலைக்கழகம் சென்ற பின்னர் வந்து அதன் படியொன்று கேட்டபொழுது, தலைகுனிந்து நின்றோம். எம் வணிகம் எதுவும் அழியவில்லை. ஒருவருடைய உணவும் கெடவில்லை. அன்னையின் உழைப்பை முதலாக வைக்கும் ஒருவருக்கு இதுவே நேரின் நட்டம் வேறு வகையினது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் தெரிந்துதெளிதல் என்பது பெயர். ஈண்டுத் தெளிதல் என்பது நம்புதலைக் குறித்தது. ஆராய்ந்த பின்னரே நம்புக என்பது அதிகாரத்தின் கருத்து. ஆகலின், இலவச இடத்தை நம்பலாமா என்னும் வினாவுக்கு விடை கூறுமுன், அங்கே நாம் எதனை எவரிடம் ஒப்படைக்கின்றோம் என்பதை ஆராய்தல் முறையாகும்.

இணையக்கடை என்பது ஒரு பொருள் போலத் தோன்றினும் உண்மையில் மூன்று பொருள்களின் கூட்டம். முதலாவது அதன் பெயர். அஃதாவது வாடிக்கையாளர் கைப்பேசியிலே தட்டும் முகவரி. இரண்டாவது அது தங்கியிருக்கும் இடம். எங்கோ ஒரு கட்டடத்துள் இரவு பகலாக இயங்கும் கணினியொன்றின் ஒரு பகுதி. மூன்றாவது அங்கே வைக்கப்படும் சரக்கு. படங்கள், விலைப்பட்டியல், வாடிக்கையாளரின் பெயர், விலாசம், கட்டளைக் குறிப்புகள் முதலாயின. பெயரைத் தட்டியதும், உலகப் பொதுவான பெயரகராதி ஒன்றிலே அது தேடப்பட்டு, எந்த இடத்துக்குச் செல்லவேண்டும் என்பது கண்டறியப்படுகின்றது. பெயர் நம்முடையதாயின், அவ்வகராதியிலுள்ள குறிப்பை மாற்றி, நாம் விரும்பிய பொழுது இடத்தை மாற்றிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் அறியவும் மாட்டார். இலவச இடம் பெறுவோர் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒருவரிடமே ஒப்படைத்துவிடுகின்றனர். அவர்களுடைய தளத்தின் பெயர் கொடுத்த நிறுவனத்தின் பெயருக்கு முன்னே ஒட்டப்பட்ட ஒரு சொல்லாக அமையுமேயன்றித் தனிப்பெயராகாது. பெயரும் இடமும் சரக்கும் ஒரே கையிற் சிக்கிய பின், அக்கை மூடினால் யாவும் மூடின.

இவ்வாறு இடங்கொடுத்தலை ஆங்கிலத்தில் ஹோஸ்டிங் என்பர். ஹோஸ்ட் என்னும் சொல் விருந்தோம்புவானைக் குறிப்பது. சொல்லாராய்ச்சியில் விருப்புடைய எமக்கு இச்சொல் பெரிதும் பொருந்தியதாகவே தோன்றுகின்றது. விருந்தினனுக்கு உணவுண்டு, பாயுண்டு, உரிமை இல்லை. நம் முன்னோர் தெருவோரத்தில் மடங்களைக் கட்டினர். வாயிலிலே சங்கடப்படலை அமைத்து வழிப்போக்கர் அதன் நிழலில் இருந்து களையாறச் செய்தனர். அவை யாவும் இலவசமே. கொடுத்தோர் மனத்திற் கள்ளமும் இல்லை. எனினும் மடத்துத் திண்ணையிலே மளிகைக்கடை வைத்தவர் எவருமிலர். ஓரிரவு தங்குவதற்கு அது நல்ல இடம். ஆண்டுக்கணக்கில் வாடிக்கை சேர்ப்பதற்கு அஃது இடமன்று.

கொடுப்பவர் ஏன் கொடுக்கின்றார் என்பதும் அறியத்தக்கது. இயங்கும் கணினிக்கு மின்சாரம் வேண்டும். காப்பாளர்க்குச் சம்பளம் வேண்டும். இச்செலவைச் சிலர் நம் தளத்தின் மேலே விளம்பரம் இட்டு ஈட்டுவர். நம் பனங்கட்டிக்கு மேலே வேறொருவரின் சீனிப்பண்டம் விளம்பரப்படுத்தப்படுவதை நாம் தடுத்தல் இயலாது. வேறு சிலர், இன்று இலவசமாக வந்தோருள் ஒரு பகுதியினர் நாளை கட்டணம் செலுத்துவர் என்னும் நம்பிக்கையிற் கொடுப்பர். இவற்றிற் குற்றமில்லை. ஆனால் அக்கணக்குப் பிழைக்கும் நாளில் இலவசமும் முடியும். இன்னும் சிலர் வணிகத்தை வெளிப்படையாகவே விலக்கியுள்ளனர். மென்பொருள் எழுதுவோர் பெரிதும் பயன்படுத்தும் கிட்ஹப் நிறுவனத்தின் இலவசப் பக்கங்கள் மிக்க உறுதியானவை. ஆயினும் இணைய வணிகம் நடத்துவதற்கு அவற்றைப் பயன்படுத்தலாகாது என அதன் விதிகள் கூறுகின்றன. நிபந்தனைகளைப் படியாதவர் அங்கே கடை வைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும்.

இனி, நடந்தவை சில. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தொடங்கிப் பின்னர் ஜியோசிற்றீஸ் எனப் பெயர் பெற்ற நிறுவனம், இலவச இடம் கொடுப்பதில் முன்னோடியாக விளங்கியது. அதன் அமைப்பு ஒரு நகரத்தைப் போன்றது. கலைக்கு ஒரு பேட்டை, கணினிக்கு ஒரு பேட்டை எனப் பிரித்து, ஒவ்வொருவர்க்கும் வீட்டிலக்கம் போல் ஓர் எண்ணையும் கொடுத்தனர். மக்கள் அதனைத் தம் ஊராகவே கருதினர். 1999இல் யாகூ நிறுவனம் அதனைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிற்று. பத்தாண்டு கழித்து, 2009 ஒக்டோபர் 26ஆந் திகதி அந்நகரம் மூடப்பட்டது; யப்பானியப் பகுதி மாத்திரம் 2019 மார்ச் வரை நிலைத்தது. இணையத்தின் பழைய பக்கங்களைப் பேணும் ஆர்வலர் சிலர் இரவு பகலாக உழைத்து ஒரு பகுதியைப் படியெடுத்தனர். அவர் முயற்சி போற்றத்தக்கது. எனினும் படியெடுத்துப் பேணிய பக்கம் நூதனசாலையிலுள்ள கடைப்பலகை போன்றது. அதனிடத்தில் எவரும் பொருள் வாங்கமுடியாது.

ஜியோசிற்றீஸ் பழங்கதை என்று கூறுவார்க்கு இன்னும் அண்மையிலுள்ளவற்றைக் கூறுவோம். போட்டோபக்கெட் என்னும் நிறுவனம் படங்களை இலவசமாக வைத்துக்கொள்ள இடங்கொடுத்தது. ஈபே, அமேசன் முதலிய சந்தைகளிற் பொருள் விற்ற சிறு வணிகர் பலர், தம் சரக்கின் படங்களை அங்கே வைத்து, விற்பனைப் பக்கத்திலே தோன்றச் செய்திருந்தனர். 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் விதியை மாற்றி, அவ்வாறு வேறு தளங்களிலே படம் தோன்றவேண்டுமாயின் ஆண்டுக்கு 399.99 டொலர் செலுத்துக என்றது. செலுத்தாதோர் கடைகளிலே சரக்கின் படம் நின்ற இடத்திற் கட்டணம் கேட்கும் அறிவிப்பே நின்றது. மறுவருடம் நிறுவனம் தன் நிலையைத் தளர்த்திற்று என்பது உண்மை. ஆயின் அதற்குள் இழந்த விற்பனையை எவர் ஈடு செய்வர்? மற்றொன்று எம் மாணாக்கரின் நிலைக்கு மிக நெருங்கியது. கூகிள் நிறுவனம் சிறு கடைக்காரருக்கென்றே, தன் வரைபடத்திற் பதிந்த விவரங்களைக் கொண்டு எளிய இணையத்தளம் அமைக்கும் வசதியை இலவசமாகக் கொடுத்து வந்தது. 2024 மார்ச் மாதத்தில் அத்தளங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. பழைய முகவரிக்கு வந்தோரை வேறிடத்துக்குத் திருப்பி அனுப்பும் வசதியும் அவ்வாண்டு யூன் 10ஆந் திகதியோடு முடிந்தது. அம்முகவரியைப் பெயர்ப்பலகையிலும் பற்றுச்சீட்டிலும் பொறித்திருந்தோர் அவற்றை அழித்தெழுத வேண்டியதாயிற்று. உலகின் மிகப் பெருஞ்செல்வ நிறுவனங்களுள் ஒன்று அது என்பதை மறத்தலாகாது. கொடுப்பவரின் செல்வம் கொடையின் நீடிப்புக்குப் பிணையாகாது.

இடம் இலவசமாயிருந்தாலும் பெயரையாவது தனியே பெறலாமே எனச் சிலர் நினைத்து, பெயரையும் இலவசமாகவே தேடினர். பசிபிக் சமுத்திரத்திலுள்ள தொக்கலாவு என்னும் சிறு தீவுகளுக்குரிய டொட் டிகே என்னும் ஈற்றையுடைய பெயர்கள் அவ்வாறே உலகெங்கும் வாரி வழங்கப்பட்டன. வழங்கியது பிரீனொம் என்னும் நிறுவனம். விலையின்றிப் பெற்ற பெயர்களுக்கு உரிமையாளர் பெற்றவர் அல்லர், அந்நிறுவனமே. நம் நாட்டு வழக்கிற் கூறின், காணியிலே குடியிருப்பவர் ஒருவர், உறுதி மற்றொருவர் பெயரில். மேலும், விலையில்லாமையால் வஞ்சகரும் அப்பெயர்களை மிகுதியாக எடுத்தனர். அதனால் நேர்மையான வணிகரின் பெயரும் ஐயத்துக்குள்ளாயிற்று. 2023இல் அந்நிறுவனம் புதிய பெயர்கள் வழங்குவதை நிறுத்தி, 2024இல் அத்தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது.

இவ்வளவு பெரிய வீழ்ச்சி நேராத இடத்தும் ஓர் இடர் உண்டு. அதனைச் சிறு வணிகர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இலவச இடத்திலே ஒரு கணினியைப் பல்லாயிரம் தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும். ஒருவர் பங்குக்கு மேல் உழைப்பு வாங்கினால், அவர் தளம் அன்றைக்கு நிறுத்தப்படுதலும் உண்டு. நாளொன்றுக்குப் பதின்மர் வரும் கடைக்கு இதனால் தீங்கில்லை. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முன்னைய வாரத்தில் ஆயிரவர் வருவாராயின் அன்றே கதவு அடைபடும். ஆண்டு முழுதும் காத்திருந்த வணிகருக்கு மழை பெய்யும் நாளில் வாய்க்கால் அடைபட்டது போலாகும்.

வாடிக்கையாளரின் விவரங்களைப் பற்றியும் ஒரு சொல். 2015 ஒக்டோபரில், புகழ்பெற்ற இலவச இடந்தருநரான 000வெப்ஹோஸ்ட் என்னும் சேவையிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் பேருடைய விவரங்கள் களவாடப்பட்டமை வெளியாயிற்று. களவு எங்கும் நிகழும். ஆனால் அங்கே கடவுச்சொற்கள் மறைகுறி எதுவுமின்றி, எழுதியவாறே வைக்கப்பட்டிருந்தன. அச்சேவையும் 2024இல் மூடப்பட்டது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டம் இருப்பினும் இல்லாதொழியினும், நம்மை நம்பி விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் தந்தவரின் விவரங்களைக் காத்தல் கடைக்காரரின் கடமையாம். வங்கி அட்டையின் எண்களை நம் தளத்திலே வாங்கி வைத்தல் அறவே கூடாது. பணம் பெறும் வேலையை அதற்கென அமைந்த வங்கிச் சேவையிடமே விடுதல் வேண்டும்.

இத்துணையும் கூறியதால், இலவசமெல்லாம் இழிந்தது, விலையுள்ளதெல்லாம் உயர்ந்தது என யாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. உலகளாவிய வலையே இலவசமாக வந்ததுதான். அதனை உருவாக்கிய சேர்ன் ஆய்வுநிலையம் 1993 ஏப்பிரல் 30ஆந் திகதி அதன் நுட்பத்தை எவரும் விலையின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படியாமற் காக்கும் சான்றிதழ்களை, லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற சேவை 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து எல்லார்க்கும் இலவசமாக வழங்கி வருகின்றது. அதனைத் தயங்காது பயன்படுத்தலாம். மறுபுறம், கட்டணம் செலுத்தியவரும் அழிவுக்கு விலக்கானவரல்லர். 2021 மார்ச் 10ஆந் திகதி பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் கணினிக் கட்டடமொன்று தீக்கிரையாயிற்று. பணம் கட்டியிருந்த வணிகர் சிலர், தம் தளத்தின் பிரதியும் அதே வளவில் வைக்கப்பட்டிருந்தமையால் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

ஆகவே விலை உண்டா இல்லையா என்பது முதல் வினா ஆகாது. நாளை இவ்விடத்தை விட்டுப் புறப்பட நேர்ந்தால் எதனைக் கையோடு கொண்டு செல்லலாம் என்பதே முதல் வினா. லெட்ஸ் என்கிரிப்ட் நாளை நின்றுவிட்டால் வேறொருவரிடம் சான்றிதழ் பெறலாம்; கடை நிற்காது. இலவச முகவரி நின்றுவிட்டால் கடையைத் தேடி வரும் வழியே இல்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபொழுது யாம் பள்ளிச் சிறாராயிருந்தோம். வீட்டை எவரும் தூக்கிச் செல்லவில்லை. ஆனால் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் ஒரு பையிலே கட்டப்பட்டு அன்னையர் தோளிலே சென்றன. அப்பை இருந்தமையாற் பலர் பிற்பாடு வாழ்வைத் தொடங்க முடிந்தது. இணையக்கடைக்கும் அத்தகைய பையொன்று வேண்டும். அதனுள்ளே இருக்கவேண்டியவை இரண்டு: தன் பெயரில் பதிந்த முகவரி, தன் கையில் உள்ள பிரதி.

முகநூற் பக்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் மாத்திரம் விற்பனை செய்வோர் நம்மிடையே பலர். அவையும் பிறர் நிலமே. அங்கே கூவி விற்றலில் தவறில்லை. சந்தையிற் கூட்டமுள்ள இடத்துக்குச் செல்லாத வணிகர் யார்? கணக்கு முடக்கப்பட்டால் வாடிக்கையாளரின் எண்களாவது ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதே கேட்கவேண்டியது.

எம் மாணாக்கருக்கு யாம் கூறியது இவ்வளவே. இடம் இப்பொழுதைக்கு இலவசமாகவே இருக்கட்டும். சொந்தப் பெயரை இணைக்க விடும் இடமாக அதனைத் தேடுக. தொடங்குங் காலத்தில் விற்பனை எத்துணை வரும் என்பது எவர்க்கும் தெரியாது. அன்னையாரின் கையிருப்பை இடத்துக்குச் செலவிடுதல் அவசரமன்று. பெயருக்கு மாத்திரம் பணம் கொடுக்க. டொட் கொம் என்னும் ஈற்றுடைய பெயர் ஆண்டுக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 டொலருக்குள் அமையும். முதலாண்டில் மிகக் குறைத்துக் கூறுவோர் இரண்டாமாண்டில் எவ்வளவு கேட்பர் என்பதையும் பார்த்துக்கொள்க. அதனைத் தளம் அமைத்துத் தரும் நண்பர் பெயரிலோ முகவர் பெயரிலோ பதியாது, தம் பெயரிலும் தாம் நாள்தோறும் பார்க்கும் மின்னஞ்சலிலும் பதிக. இதனை இருமுறை வற்புறுத்தினோம். நட்பு முறிந்த பின் பெயரை மீட்க அலைந்தோரை யாம் அறிவோம். படங்களையும் விலைப்பட்டியலையும் மாதத்துக்கு ஒருமுறை படியெடுத்து, வீட்டுக் கணினியிலும் வேறோர் இடத்திலும் வைக்க. மாதந்தோறும் வரும் வருவாய் தளத்தின் செலவைத் தாங்கும் நிலை வந்ததும், கட்டணமுள்ள இடத்துக்கு மாறுக. பெயர் அவருடையதாதலின் வாடிக்கையாளர் ஒருவரும் வழி தவறார்.

அவர் உடனே இசைந்தாரல்லர். ஆயிரம் லேபிளுக்கு அச்சகத்தாரிடம் முற்பணம் கொடுத்தாயிற்று என்றார். அச்சுக்கோலம் இன்னும் முடியவில்லையே, ஒரு வரியை மாற்ற எவ்வளவு நேரம் என்று கேட்டோம். கைப்பேசியை எடுத்துக்கொண்டு எம் வீட்டு விறாந்தைக்குச் சென்றவர், சிறிது நேரம் பேசிவிட்டு வந்து, அச்சகத்தார் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகக் கூறினர் என்றார். அதன்பின் இருவருமாக இருந்து பெயர்களை எழுதிப் பார்த்தோம். அவர் விரும்பிய முதற்பெயரை வேறொருவர் முன்னமே பதிந்திருந்தார். இரண்டாவது ஆங்கில எழுத்தில் எழுதும்பொழுது மிக நீண்டது. மூன்றாவதாக அன்னையாரின் பெயரையே வைத்துப் பார்த்தோம். அது எவராலும் பதியப்படாதிருந்தது.